உஷார்! காலில் வைத்திருக்கும் நீர் வெறும் நீர் அல்ல

இதை வாசிக்கிற இடத்திலேயே கொஞ்சம் குனியுங்கள். கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, முன்பக்கம் எலும்பு தட்டுப்படும் இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்துங்கள். பத்து எண்ணும் வரை எடுக்காதீர்கள். இப்போது எடுங்கள்.

குழி விழுந்திருக்கிறதா?

விரலை எடுத்ததும் தோல் நிமிர்ந்துவிட்டால் சமாதானமாக மேலே வாசியுங்கள். குழி அப்படியே நின்றால் மற்றக் காலையும் அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் குழி நின்றால், அம்மாமாரே, அக்காமாரே, நாளை பொழுது விடிந்ததும் நீங்கள் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. தைலம் தேய்ப்பது, பார்லி கொதிக்க வைப்பது எல்லாம் பிறகு.

பயமுறுத்துகிறாளே என்று நினைக்க வேண்டாம். பயப்பட வேண்டிய நேரத்தில் பயப்படாமல் இருந்து, வளர்த்த பிள்ளையைப் பறிகொடுக்கப் பார்த்த ஒரு வீட்டில் நான் கூட நின்றிருக்கிறேன். அதனால்தான் இத்தனை பதற்றம்.

அவள் பெயர் வேண்டாம். ஊர்ப் பெயரும் வேண்டாம். உதியன்குளங்கரையில் பஸ் இறங்கி உள்ளே போகிற எத்தனையோ வழிகளில் ஒன்றில் வீடு. முப்பது வயது ஆகவில்லை. இடுப்பில் ஒரு கைக்குழந்தை. தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. போட்டோவில் நாத்தனார்மாரெல்லாம் பளிச்சென்று நிற்கும்போது தான் மட்டும் கறுத்துத் தெரிவோமே என்று அவளுக்கு ஒரு மனக்குறை. இந்தக் குறையை அவள் மனதில் விதைத்தவர்கள் யார் என்று கேட்டால் நாம் எல்லோரும்தான். பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போனாலே முதலில் நிறத்தைத்தானே கேட்கிறோம்!

யாரோ ஒரு டப்பா கொடுத்தார்கள். முகம் வெளுக்கும் கிரீம். மேலே புரியாத எழுத்து. தயாரித்த இடம் இல்லை, லைசென்ஸ் எண் இல்லை, தேதி இல்லை. ராத்திரி பூசினாள். இரண்டு வாரத்தில் முகம் வெளுத்தது. கேட்டவர்களுக்கெல்லாம் சந்தோஷமாகக் காட்டினாள்.

இரண்டு மாதம் போனது. காலையில் எழுந்தால் கண் இமை இரண்டும் உப்பியிருந்தது. குழந்தை உறங்க விடவில்லை, அதுதான் காரணம் என்றாள். சாயங்காலம் கால் கனத்தது. “கல்யாண வீட்டு வேலை, நடந்துகொண்டே இருக்கேன், நீரு வச்சிருக்கு மாமி, ரெண்டு நாள் இருந்தா வடிஞ்சிரும்” என்று என்னிடமே சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

வளையல் கழற்ற முடியவில்லை. பாவாடை நாடா கட்டிய இடத்தில் பள்ளம் விழுந்தது. ரவிக்கையைப் பிரித்துத் தைக்க வேண்டி வந்தது. பார்த்தவர்கள் “கொஞ்சம் தடி வச்சு அழகாயிட்டே பிள்ளே” என்றார்கள். மூன்று வாரத்தில் ஆறு கிலோ கூடியிருந்தது. யாராவது மூன்று வாரத்தில் ஆறு கிலோ சதை போடுவார்களா? அது சதை இல்லை. தண்ணீர்!

கழிப்பறையில் நுரை தெரிந்தது. ஊற்றிக் கழுவினாலும் சோப்பு நுரை போல நின்றது. கழுவுகிற லோஷனாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். கால்வலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டாள். ஒருத்தி பார்லித் தண்ணீர் கொடுத்தாள். இன்னொருத்தி குழம்பு தேய்த்துச் சூடு வைத்தாள். கல்யாணத்தன்று செருப்பு காலில் ஏறவில்லை. வெறுங்காலோடு மண்டபத்தில் நின்றாள்.

நாலாம் நாள் இடது கெண்டைக்கால் மட்டும் கல்லாக இறுகியது. தொட்டால் அலறினாள். அன்று ராத்திரி மூச்சு முட்டியது. அப்போதுதான் வண்டி பிடித்தார்கள்.

ரத்தத்தில் ஆல்புமின் 1.8. இருக்க வேண்டியது 3.5-க்கு மேல். சிறுநீர்ச் சோதனையில் புரதம் நாலு பிளஸ். கால் நரம்பில் ரத்தம் கட்டியிருந்தது. அந்தக் கட்டியில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருந்தது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். அவளுடைய அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

“முகத்துக்கு என்ன பூசுறீங்க?”

கால் வீக்கத்துக்கும் முகத்துக்குப் பூசுகிறதுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே உங்களுக்கும் தோன்றுகிறது? பொறுமையாகக் கேளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது தெரிந்து வைத்திருக்க வேண்டிய காரியம் இது.

நம்முடைய ரத்தத்தில் ஆல்புமின் என்று ஒரு புரதம் ஓடுகிறது. ஈரல் தினமும் பத்துப் பன்னிரண்டு கிராம் அளவுக்கு அதைச் செய்துகொண்டே இருக்கிறது. ரத்தக் குழாயின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் உண்டு. அந்த வழியாகத் தண்ணீர் முழுவதும் வெளியே ஒழுகிப் போகாமல் உள்ளே இழுத்துப் பிடித்துவைப்பதில் பெரும்பங்கு இந்த ஆல்புமினுக்குத்தான். அது குறைந்தால் பிடி தளர்கிறது. தண்ணீர் ரத்தத்தை விட்டு இறங்கித் தோலுக்கு அடியில் தேங்குகிறது. நிற்கும்போது காலில். படுத்தால் முதுகிலும் முகத்திலும். முற்றிப்போனால் வயிற்றில், நுரையீரலைச் சுற்றி.

அதோடு நின்றுவிடுவதில்லை. ரத்தத்தில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று எண்ணிச் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கும். சிறுநீரகமே பழுதாகியிருந்தால் அது தானாகவும் உப்பைத் தேக்கும். பிடித்துவைத்ததும் காலுக்கே இறங்கும். வீக்கம் வீக்கத்தை வளர்க்கும்!

அப்படியானால் புரதம் எங்கே போகிறது? மூன்று வழி. ஒன்று, சிறுநீர் வழியாக ஒழுகுகிறது. இரண்டு, ஈரல் கெட்டுப்போய் செய்ய முடியாமல் கிடக்கிறது. மூன்று, சாப்பாட்டில் இல்லை, அல்லது சாப்பிட்டது குடலில் சேரவில்லை. மூன்றிலும் வெளியே தெரிவது ஒன்றுதான். வீங்கிய கால்.

இங்கேதான் நம்ம பேச்சே நம்மை ஏமாற்றுகிறது. இஞ்சிவிளை முதல் அமரவிளை வரை தமிழ் பேசுகிற வீட்டிலும் மலையாளம் பேசுகிற வீட்டிலும் வீக்கத்துக்கு ஒரே சொல்தான். நீர். அடிபட்டாலும் நீர், மந்துக்காலும் நீர், பிள்ளைத்தாய்ச்சியின் காலும் நீர். கழிப்பறைக்குப் போவதையும் நாம் நீர் போவது என்றுதான் சொல்கிறோம். காலில் தங்கிய நீருக்கும் கழிவாகப் போகும் நீருக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிற நாம், ஒன்றுக்குக் காரணத்தை மற்றதில் தேட வேண்டும் என்று மட்டும் நினைப்பதில்லை. காலைத் தடவிக்கொண்டே இருக்கிறோம். கோளாறு சிறுநீரில் இருக்கிறது!

சோறு வடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வடிகட்டியின் ஓட்டை சரியாக இருந்தால் கஞ்சி மட்டும் இறங்கும். ஓட்டை பெரிதானால் சோறும் சேர்ந்து விழும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. நல்ல நிலையில் ஒரு நாள் முழுவதும் 150 மில்லிகிராமுக்கு மேல் புரதம் வெளியே போகாது. இந்த நோயில் 3.5 கிராமுக்கு மேல் போகும். மருத்துவர்கள் இதை நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்பார்கள். நுரை வருவது அதனால்தான். முட்டை வெள்ளையை அடித்தால் நுரைக்கும் இல்லையா? அதே குணமுள்ள சரக்குதான் உங்கள் கழிப்பறையில் போய்க்கொண்டிருக்கிறது.

இனி அந்த டப்பாவுக்கு வருகிறேன்.

மலிவான வெளுப்புக் கிரீம்கள் பலவற்றில் இருப்பது பாதரசம். தெர்மாமீட்டரில் வெள்ளிபோல் உருளுமே, அந்தப் பாதரசத்தின் உப்பு. தோலுக்குக் கறுப்பு நிறம் தருகிற பொருளை உடம்பு செய்யவிடாமல் அது தடுக்கும். அதனால்தான் அத்தனை சீக்கிரம் வெளுக்கிறது. தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் சேரும். அங்கே சிலருடைய உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் வடிகட்டிக்கு எதிராகத் திரும்பிவிடும்.

இது ஊர் வதந்தி இல்லை. நம்ம கேரளத்திலேயே, மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஆஸ்டர் மிம்ஸ் ஆஸ்பத்திரியின் சிறுநீரக மருத்துவர்கள் சஜீஷ் சிவதாஸ், ரஞ்சித் நாராயணன் இருவரும் கண்டுபிடித்துச் சொன்னது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, வடிகட்டிச் சவ்வு தடித்துப் புரதம் ஒழுகுகிற ஒரு வகை நோயோடு 22 பேரைப் பார்த்தார்கள். அதில் 15 பேருக்கு நெல்-1 என்ற அடையாளம் இருந்தது. வழக்கமாக அபூர்வமாக வருகிற வகை. ஏன் இத்தனை பேருக்கு என்று துருவிக் கேட்டார்கள். 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள்! மீதி இருவரில் ஒருவர் நாட்டு மருந்து சாப்பிட்டவர். பெரும்பாலானவர்களுக்குக் கிரீமை நிறுத்தியதும் ஒழுக்கு அடங்கியது. ஒருவருக்கு மட்டும் மூளை நரம்பில் ரத்தம் கட்டியது.

அங்கே முதலில் வந்தவள் பள்ளிக்கூடம் போகிற சிறுமி. பின்னால் அவளுடைய உறவுக்காரப் பிள்ளையும் அதே நோயோடு வந்தது. இரண்டு பேரும் பூசியது ஒரே கிரீம். ஒரு டப்பா வாங்கினால் நாம் ஒருத்தர் மட்டுமா பூசுகிறோம்? அக்கா பூசினால் தங்கை பூசுவாள், தங்கை பூசினால் பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்கும்.

கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் ஆபரேஷன் சௌந்தர்யா என்று சோதனை நடத்த இறங்கியது. 2025 ஜனவரியில் சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் சொன்ன விவரம் தலையைச் சுற்றவைக்கும். பிடித்த லிப்ஸ்டிக்கிலும் முகக் கிரீமிலும் சிலவற்றில் பாதரசம் அனுமதித்த அளவைவிட 12,000 மடங்கு. பன்னிரண்டாயிரம் மடங்கு! இந்திய விதிப்படி இப்படிப்பட்ட கிரீமில் பாதரசம் சேர்க்கவே கூடாது. தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

நாம் இருப்பதோ எல்லையில். களியக்காவிளைச் சந்தையில் வாங்கினால் தமிழ்நாட்டுச் சரக்கு, பாறசாலையில் வாங்கினால் கேரளச் சரக்கு, கல்ஃபிலிருந்து வருகிறவர் பெட்டியைத் திறந்தால் எந்த ஊர்ச் சரக்கோ! இந்தப் பக்கம் சோதனை கடுமையானால் அந்தப் பக்கம் போய் வாங்கி வர நமக்குப் பத்து நிமிஷம் போதும். எந்தச் சோதனையையும் மட்டும் நம்பி இருக்காதீர்கள். உங்கள் கண்ணையும் நம்புங்கள்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மெர்க்குரி, மெர்க்குரிக், மெர்க்குரஸ், கலோமெல் என்று எந்த ரூபத்தில் எழுதியிருந்தாலும் தொடாதீர்கள். எதுவுமே எழுதாமல் இருந்தால் அது அதைவிட மோசம். தங்கம், வெள்ளி, அலுமினியம் இவற்றில் பட வேண்டாம் என்று குறிப்பு இருக்கிறதா? நகை கெட்டுப்போகும் என்று அக்கறையாகச் சொல்வதாக நினைத்துக்கொள்வோம். பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் அந்தக் குறிப்பு. நகைக்கு ஆகாதது உங்கள் கன்னத்துக்கு ஆகுமா? வெயிலில் திறந்து வைத்தால் கிரீம் சாம்பல் நிறமாக மாறுகிறதா? பூசி ஒரு வாரம் பத்து நாளில் வெளுக்கிறதா? அத்தனையும் அபாயக் குறி.

இன்னொன்றையும் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். நம்ம பக்கம் ஆசான்மார்களும் வைத்தியசாலைகளும் தலைமுறை தலைமுறையாக எலும்பு முறிவுக்கும் வர்மத்துக்கும் கைகொடுத்தவர்கள். அவர்களை நான் பழிக்கவில்லை. ஆனால் ரசம் சேர்ந்த செந்தூரமும் பற்பமும் படித்த சித்த மருத்துவர் கையில் இருப்பது வேறு, பெயரில்லாத பொட்டலத்தில் மடித்துத் தருவது வேறு. பாதரசம் சேர்ந்த நாட்டு மருந்துகளுக்கும் இதே நெல்-1 நோய்க்கும் தொடர்பு இருப்பதை 2022-இல் சென்னையிலிருந்து நோய்க்கூறு மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். என்ன மருந்து, யார் தந்தது என்று சொல்ல முடியாத எதையும் விழுங்காதீர்கள். விழுங்கியிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஏசுவாரே என்று பயந்து மறைக்கிறவர்கள்தான் அதிகம். ஏச்சு வாங்கினால் உயிர் போகாது.

கிரீமே பூசுவதில்லை, நமக்கென்ன என்று கேட்பீர்கள்.

சர்க்கரை இருக்கிறதா வீட்டில்? ஐ.சி.எம்.ஆர் 2023-இல் வெளியிட்ட இந்தியா முழுவதுக்குமான கணக்கில் கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாலில் ஒருவர். பல வருஷம் சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் அதே வடிகட்டிகள்தான் கிழியும். முதலில் துளித்துளியாக ஆல்புமின் ஒழுகும். வலி இல்லை, எரிச்சல் இல்லை, ஒரு அடையாளமும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை சிறுநீரில் ஆல்புமின் பார்த்தால் அந்தக் கட்டத்திலேயே பிடித்துவிடலாம். கால் வீங்குகிற கட்டத்துக்கு வந்துவிட்டால் பாதி தூரம் கடந்தாகிவிட்டது. சர்க்கரை மட்டும் பார்த்துவிட்டு “நார்மல்” என்று திரும்பி வருகிற அப்பாமார்களே, அந்தச் சீட்டில் சிறுநீரும் இருந்ததா என்று பாருங்கள்.

குடிக்கிறவர் வீட்டில் இருந்தால் வயிற்றைப் பாருங்கள். கையும் தோளும் மெலிந்து வயிறு மட்டும் பானை போல முன்னால் வருகிறதா? ஈரல் சுருங்கிவிட்டது. ஆல்புமின் செய்கிற பட்டறையே மூடுகிறது. தொப்பை என்று சொல்லிச் சிரிக்காதீர்கள். குடிக்காதவருக்கும் மஞ்சள் காமாலைக் கிருமியாலும் கொழுப்பு படிவதாலும் ஈரல் இப்படிச் சுருங்குவதுண்டு.

மூன்றாவது வழி, சாப்பாடு. இதைச் சொல்லும்போது என் பாட்டி தலைமுறை கண் முன்னால் வருகிறது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியை ஊரெங்கும் பரப்பினார். உலகப்போர்க் காலத்தில் அரிசி கிடைக்காமல் தவித்தபோது அந்தக் கிழங்குதான் உயிரைக் காத்தது. நன்றியோடு நினைக்க வேண்டிய கிழங்கு. ஆனால் நூறு கிராம் மரச்சீனியில் புரதம் ஏறக்குறைய ஒரு கிராம்தான்! 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 46 கிராம் புரதம் வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். மரச்சீனியும் மீனும் என்று நம்ம முன்னோர் ஜோடி சேர்த்தது ருசிக்காக மட்டும் இல்லை. கஞ்சியும் பயறும் அப்படித்தான். கிழங்கு வயிற்றை நிறைத்தது, சாளையும் நெத்தோலியும் உடம்பைக் காத்தது.

இன்றைக்கு அந்த ஜோடி பிரிந்த வீடுகள் உண்டு. யார் வீட்டில்? ஏழை வீட்டில் மட்டும் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், பெரிய வீட்டில் தனியாக ஒரு அம்மை. பல் இல்லை. ஒரு ஆளுக்காக மீன் வாங்கிச் சுத்தம் செய்ய மனசில்லை. கட்டன் சாயா, இரண்டு ரஸ்க், ராத்திரி கஞ்சியும் ஊறுகாயும். மாதக்கணக்கில் இப்படி. வீடியோ காலில் முகம் கொஞ்சம் உப்பினாற்போல் தெரியும்போது “அம்மா நல்லா இருக்கீங்களே” என்று மகன் சந்தோஷப்படுகிறான். மகனே, போனைக் கொஞ்சம் கீழே பிடிக்கச் சொல். காலைக் காட்டச் சொல்! ஒன்று மட்டும், இந்த வயதில் வீக்கத்தைச் சாப்பாட்டுக் குறை என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். இருதயம், தைராய்டு, பிரஷருக்குப் போடுகிற அம்லோடிபின் மாத்திரை, எதுவும் காரணமாக இருக்கலாம். டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு வருவது தனி. ஆப்பிரிக்காவில் இன்று கானா என்கிற நாட்டில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1933-இல் குவாஷியோர்கர் என்ற நோயைப் பற்றி எழுதினார். அந்த ஊர்ப் பேச்சில் அதற்கு அர்த்தம், அடுத்த பிள்ளை பிறந்ததும் மூத்ததுக்கு வரும் நோய். தாய்ப்பால் நின்று மக்காச்சோள மாவுக் கூழில் வளர்கிற பிள்ளை. காலும் முகமும் உப்பி, முடி செம்பட்டையாகி, எதற்கெடுத்தாலும் சிணுங்கும். பார்க்கக் கொழுகொழு என்று இருக்கும். உள்ளே பட்டினி. பிள்ளையின் இரண்டு பாதத்திலும் குழி விழுந்தால் எடை எவ்வளவு இருந்தாலும் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு என்றே உலக சுகாதார நிறுவனம் கணக்கில் எடுக்கும்.

நம்ம ஊரில் நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளைக்கும் கண் உப்பும். இரண்டு வயது முதல் ஆறு வயதுக்குள் வருகிற ஒரு வகைச் சிறுநீரகக் கோளாறு இது. பூச்சி கடித்தது, தூசி அலர்ஜி என்று கண் சொட்டு மருந்து விட்டே ஒரு மாதம் போக்கிவிடுகிறார்கள். சிறுநீரைப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெரியும். மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு மருந்து நன்றாகக் கேட்கும். ஆனால் மாத்திரை போட்டதும் முகம் உருண்டையாகிறது என்று அம்மாக்கள் பயந்து தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் நோய் திரும்புவது மட்டுமில்லை, பிள்ளை உயிருக்கே ஆபத்து. குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் எழுதித்தந்தபடிதான்.

சரி, வீக்கம்தானே, அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதானே என்று இன்னும் யாராவது நினைத்தால் அந்த எண்ணத்தைத்தான் நான் உடைக்க வேண்டும். சிறுநீரில் ஆல்புமின் மட்டும் போவதில்லை. ரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்ளும் புரதமும் கூடவே போகிறது. அதனால்தான் அவள் காலில் கட்டியது. கிருமியோடு போராடும் புரதமும் போகிறது. தேங்கிய தண்ணீரில் கிருமி ஏறினால் வயிற்றுக்குள் பழுத்துவிடும். காலில் ஒரு சின்னக் கீறல் போதும், மறுநாள் கால் முழுக்கச் சிவந்து காய்ச்சல் அடிக்கும். இழந்ததை ஈடுகட்ட ஈரல் மும்முரமாகும்போது கொழுப்பும் ஏறும். கொலஸ்ட்ரால் 400 என்று சீட்டில் பார்த்துவிட்டு எண்ணெயை நிறுத்தச் சொல்லி வீட்டில் சண்டை போடுவார்கள். காரணம் எண்ணெய்ச் சட்டியில் இல்லை.

அதனால் இவற்றைக் கண்டால் உட்காராதீர்கள்:

காலையில் கண் இமை உப்பி, பகலில் அது வடிந்து, சாயங்காலம் கால் வீங்குவது. இது ஒரு வாரம் நீடித்தாலே போங்கள்.

சிறுநீரில் நுரை, தண்ணீர் ஊற்றிய பிறகும் நிற்பது.

மோதிரம், வளையல், செருப்பு திடீரென இறுகுவது. சில நாளில் எடை இரண்டு மூன்று கிலோ ஏறுவது.

சிறுநீர் அளவு குறைவது. கட்டன் சாயா நிறத்திலோ சிவந்தோ போவது.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், மூச்சு முட்டினால், நெஞ்சு குத்தினால், அன்றே, அந்த நிமிஷமே அவசரப் பிரிவு. காலைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். ரத்தக் கட்டி நகர்ந்துவிடும்.

கர்ப்பமாக இருக்கும் பிள்ளைக்கு ஐந்து மாதம் கழிந்து முகமும் கையும் வீங்கி, தலைவலித்து, கண் மங்கினால் அதுவும் அவசரம். பிள்ளைத்தாய்ச்சிக்கு நீர் வைப்பது சகஜம் என்று பாட்டிமார் சொல்வார்கள். எல்லா நீரும் சகஜம் இல்லை. பிரஷரும் சிறுநீரும் பார்க்காமல் யாரும் அப்படிச் சொல்லக் கூடாது.

போவதற்குத் தூரம் இல்லை. பக்கத்துக் குடும்பாரோக்கிய கேந்திரத்திலேயே சிறுநீரில் ஆல்புமின் பார்ப்பார்கள். செலவு மிகக் குறைவு. பாறசாலையில் தாலுகா ஆஸ்பத்திரி, நெய்யாற்றின்கரையில் ஜெனரல் ஆஸ்பத்திரி, காரக்கோணத்தில் சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி, அதற்கு மேல் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ். அந்தப் பக்கம் நெருக்கமென்றால் ஆசாரிப்பள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி. “கால்ல நீரு” என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். எத்தனை நாளாக, இரண்டு காலுமா, நுரை உண்டா, என்ன கிரீம், என்ன மாத்திரை, என்ன நாட்டு மருந்து, எல்லாவற்றையும் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீரைக் கொண்டுபோங்கள். ரத்தத்தில் ஆல்புமினும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

செய்யக் கூடாதவை சில உண்டு. புரதம் குறைந்துவிட்டதென்று புரோட்டீன் பவுடர் டின்னை வாங்கி ஊற்றிக் கொடுக்காதீர்கள். சாப்பாடு போதாமல் வந்த வீக்கத்துக்கு முட்டையும் பயறும் மீனும் மருந்து. சிறுநீரகம் ஒழுகும்போது அதிகமாக ஊற்றுவது ஓட்டைப் பானையில் நிறைப்பது போல, பாவம் அந்தச் சிறுநீரகத்துக்குச் சுமைதான் கூடும். ரத்தத்தில் ஆல்புமின் ஏற்றினால் சரியாகிவிடும் என்று ஆயிரக்கணக்கில் கடன் வாங்க ஓடாதீர்கள். டாக்டர் அவசரத்துக்கு ஏற்றுவார். அதுவும் ஒன்றிரண்டு நாளில் ஒழுகிப் போகும். ஓட்டையை அடைப்பதுதான் வைத்தியம். வலி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளாலேயே இந்த ஒழுக்கு வந்தவர்கள் உண்டு. நீர் இறங்க என்று யாரோ போட்ட மாத்திரையை நீங்களும் போடாதீர்கள். உப்பைக் குறையுங்கள். கருவாடு, அப்பளம், ஊறுகாய் மூன்றையும் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். நம்ம பக்கம் இது கஷ்டம்தான், தெரியும்.

அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். கிரீமை அன்றே நிறுத்தினார்கள். ஊசியால் சிறுநீரகத்தில் துளி எடுத்துச் சோதித்தார்கள். ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை, ஒழுக்கைக் குறைக்க மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு. ஏழு மாதம் ஆயிற்று ஆல்புமின் மூன்றைத் தொட. முகத்தில் பழைய நிறம் திரும்பி வந்துவிட்டது. அவளுக்கு இப்போது அதைப் பார்த்தால் நிம்மதி என்கிறாள்.

டாக்டர் வேறொன்றும் சொன்னார். பூசிய கை தலையணையிலும் துவர்த்திலும் படும், குழந்தையின் வாயிலும் படும். முத்தம் கொடுத்தால் கன்னத்திலிருந்து போகும். அந்த டப்பாவைக் கிணற்றடியிலோ வாழை மூட்டிலோ எறியக் கூடாது, எரிக்கவும் கூடாது, ஆவியாகி மூச்சில் ஏறும். இறுக மூடி, இரண்டு பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொண்டுவந்து கொடுங்கள் என்றார். தலையணை உறைகளையும் துவர்த்துகளையும் தனியாகக் கட்டி எடுத்து வைத்தோம்.

குழந்தையின் சிறுநீரையும் கொண்டுவரச் சொன்னார். ஒன்றரை வயசுப் பிள்ளை, கேட்ட நேரத்தில் போகுமா? ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அவளுடைய அம்மாவும் சின்ன டப்பாவை ஏந்திக்கொண்டு ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் கிடைத்தது. லேபில் இருந்த பிள்ளை பட்டையை நனைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது, பச்சைக்கு மாறவில்லை. “ஒண்ணும் இல்ல அம்மச்சி” என்றது. மூன்று மாதம் கழித்து மறுபடி கொண்டுவரச் சொல்லிச் சீட்டில் தேதி எழுதித் தந்தார்கள். அந்தச் சீட்டை நான்தான் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.